எரிமலைத் தீவுக்கு அரைப்படி வத்தல்

நான் பூகோளம் படித்தவள். பூமிக்கு அடியில் பாறை எப்படி உருகுகிறது, எரிமலை ஏன் வெடிக்கிறது, வெடித்த பிறகு கடல் நடுவே தீவு எப்படி முளைக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு, நாற்பது பிள்ளைகளுக்குக் கொட்டாவி வராமல் விளக்கத் தெரிந்தவள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் காலையில் ஓர் எரிமலைக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். இதை நானே முதலில் ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வார்.

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. தற்காலிகம்தான். ஒரு வருடம் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து நம்முடைய லட்சணத்தைக் கவனித்து நல்லபடியாக எழுதிக்கொடுத்தால் நிரந்தரமாக்குவார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. ஊர் விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம். வீட்டில் பருத்தியும் மிளகாயும்தான் வெள்ளாமை. அய்யா என்னை வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததே பெரிய காரியம். பஸ் ஏற்றிவிடும்போதே கெடு வைத்துவிட்டார்.

"இந்தா பாரு சம்முகத்தாயி, ஒரு வருசந்தான். சித்திரைக்குள்ள வேலை நெலைச்சாச் சரி. இல்லைன்னா மறுபேச்சுப் பேசாம மூட்டையக் கட்டிட்டு வந்திரணும். பசுவந்தனைக்காரவிய இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காவ."

பசுவந்தனைக்காரவிய என்றால் மாப்பிள்ளை வீட்டார். நாற்பது ஏக்கர் கரிசல், நாலு ஜோடி மாடு. ஒரே ஒரு நிபந்தனை: மருமகள் வேலைக்குப் போகக் கூடாது. மாப்பிள்ளையை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்தான். பூமி உருண்டை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கோ அதற்குள் சாக்குக்கட்டியும் தேசப்படமும் இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்று ஆகியிருந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நிற்பார்களே, அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். வேலை போனால் உயிரே போய்விடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

மாசி மாதம் இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய டீச்சர் (தலைமை ஆசிரியையை அப்படித்தான் சொல்வோம்) எங்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு காட்சி வைக்க வேண்டும் என்றார். விஞ்ஞானம் எடுக்கும் ராஜம் டீச்சர் தவளை எலும்புக்கூடு வைப்பதாகச் சொன்னார். நான் எரிமலைத் தீவு என்றேன்.

"செய். ஆனா புஸ்தகத்துல உள்ளதையே ஒப்பிச்சா அந்தம்மாவுக்குப் பிடிக்காது. அவிய கேள்விப்படாததா ஏதாவது இருக்கணும்" என்றார் பெரிய டீச்சர்.

அன்றைக்கே தலைப்பு எழுதிவிட்டேன். 'எரிமலைத் தீவில் மாணவியர் சுற்றிப் பார்க்க வேண்டிய, பலரும் அறியாத ஐந்து இடங்கள்.' எந்தத் தீவு என்று இங்கே சொல்ல மாட்டேன். அங்கேயும் மானமுள்ளவர்கள் இருப்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தத் தீவைப் பற்றி நாலு வரி இருந்தது. நூல்நிலையத்தில் கிடைத்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் மூன்று படங்கள் இருந்தன. மிச்சத்துக்கு நான் இருந்தேன். பலரும் அறியாத இடம் என்று எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. எழுதுகிறவளுக்கே தெரியாவிட்டாலும் அது பொய் ஆகாது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், கம்மாயிலிருந்து கரிசல் மண் கொண்டுவந்து, கூளம் போட்டு மிதித்து, பதினைந்தடிக் குறுக்களவில் தீவைக் கட்டினோம். நடுவில் என் நெஞ்சு உயரத்துக்கு மலை. மலைக்குள்ளே அடி உடைந்த பானை ஒன்று. அதற்குக் கீழே வரட்டி நெருப்பு, மேலே ஈர வைக்கோல். மலை அடிவாரத்தில் காற்றுப் போக ஒரு துவாரம், அதை அடைத்து ஒரு தகரம். தகரத்தை இழுத்தால் நெருப்புக் கனன்று உச்சியிலிருந்து புகை வரும். ஒத்திகையில் சாமிக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி வெள்ளையாக, பதவிசாக வந்தது. தீவைச் சுற்றிக் கடல் வேண்டுமே? தண்ணீர் விட்டால் கரிசல் குடித்துவிடும். ஆகவே கல் உப்பில் சலவை நீலத்தைக் கலந்து கொட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் தூத்துக்குடியே தோற்றுப்போகும்.

ஐந்து இடங்களில் முதலாவது கருமணல் கடற்கரை. அதற்குச் செலவே இல்லை; மண் ஏற்கெனவே கருப்பு. தீக்குழம்பு ஓடி வற்றிய குகை ஒன்று, முட்டையை விட்டால் வெந்துவிடும் வெந்நீர் ஊற்று ஒன்று. அவிந்துபோன பழைய எரிமலை வாய்க்குள் ஒரு பெரணிக் காடு. கரிசலில் பெரணிக்கு எங்கே போவது? முருங்கைக் கொத்துகளை நட்டேன். மறுநாள் அவை வாடி விழுந்ததும் புதிதாக நட்டேன். பழைய காட்டை நான் தங்கியிருந்த விடுதியின் சமையற்காரம்மா பொரியல் பண்ணிவிட்டார்.

ஐந்தாவது இடம் தானாக வந்தது. மாசி வெயிலில் கரிசல் சும்மா இருக்குமா? ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், தீவின் தெற்கு ஓரத்தில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மண் போட்டு அடைத்தேன். மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாம் நாள் எனக்குச் சலித்துப்போய், அதன் ஓரத்தில் ஓர் அட்டையை நட்டு 'அமைதிப் பள்ளத்தாக்கு' என்று எழுதிவிட்டேன். அந்தப் பள்ளத்தாக்கில் காற்று மிகத் தூய்மையானது, நோயாளிகள் உடல் தேற அங்கே வந்து தங்குகிறார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அதைச் சொல்ல ஒன்பதாம் வகுப்புச் செண்பகத்தை நிறுத்தினேன். இடத்துக்கு ஒரு பிள்ளையாக ஐந்து பேருக்கும் நான் சொல்லி வைத்தது ஒன்றே ஒன்றுதான்: "என்ன நடந்தாலும் சரி, பாதியில நிறுத்தக் கூடாது."

இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லா டீச்சர்களும் வந்து பார்த்தார்கள். ஆகா என்றார்கள், ஓகோ என்றார்கள். ராஜம் டீச்சர் மட்டும் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால், மலையின் முகத்தில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை புதிதாக ஒரு வெடிப்பு. மண் ஈரம் சுண்டினால் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும் என்று முந்தின வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தேன். அதெல்லாம் மற்ற மண்ணுக்கு. இது ராஜம் டீச்சர் கண் என்று எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

எங்கள் பக்கம் கண் பட்டால் என்ன செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலைந்து மிளகாய் வத்தல், கொஞ்சம் கல் உப்பு, ஒரு பிடி மண். மூன்று தடவை சுற்றி, துப்பி, அடுப்பில் போடுவோம். மிளகாய் கருகும்போது கமறவில்லை என்றால், கண் பட்டிருக்கிறது, இப்போது கழிந்துவிட்டது என்று அர்த்தம். கமறினால் கண் ஒன்றும் இல்லை, அது வெறும் மிளகாய்.

வத்தலுக்கு எனக்குப் பஞ்சமில்லை. அய்யா போன வாரம்தான் புது வத்தலை மண்டியில் போட வந்தபோது, எனக்கென்று ஒரு சின்ன மூட்டை விடுதியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். பிரச்சினை அளவில் வந்தது. மூன்றடிக் குழந்தைக்கு ஐந்து மிளகாய் என்றால், பதினைந்தடித் தீவுக்கு எத்தனை? பூகோள டீச்சர் இல்லையா, அளவுத்திட்டம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குறுக்களவு ஐந்து மடங்கு. பரப்பு இருபத்தைந்து மடங்கு. ஆக நூற்றிருபத்தைந்து மிளகாய். உத்தேசமாக ஒரு படி. அவ்வளவு வேண்டாம் என்று எனக்கு நானே சிக்கனம் சொல்லிக்கொண்டு அரைப்படி எடுத்துக்கொண்டேன்.

அரைப்படி மிளகாயைத் தீயில் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். என் தீவின் மேல் விழுந்திருக்கும் பொறாமைக்கு அரைப்படி என்ன, அரை மூட்டை போட்டாலும் ஒரு தும்மல் வராது என்ற முடிவுக்கு வந்தேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

எல்லோரும் மாலையும் கையுமாக வாசலில் இன்ஸ்பெக்ட்ரஸை வரவேற்கப் போயிருந்த சமயம் பார்த்து நான் பின்பக்கம் போனேன். தீவைச் சுற்றுவதற்குத் தூக்க முடியாதே! வத்தலை முந்தானையில் கட்டிக்கொண்டு நானே தீவைச் சுற்றி மூன்று தடவை ஓடினேன். மண் தீவிலிருந்தே எடுத்துக்கொண்டேன். உப்புக்கு எங்கேயும் போக வேண்டாம், காலடியில் கடலே இருந்தது. இரண்டு கை அள்ளிக்கொண்டேன். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, ராஜம் டீச்சர் கண்ணு" என்று முணுமுணுத்து, மூன்று தடவை துப்பி (ஒன்று கருமணல் கடற்கரையில் விழுந்துவிட்டது), எல்லாவற்றையும் மலை உச்சி வழியாக ஈர வைக்கோல் மேல் போட்டேன். தகரம் மூடியிருந்ததால் நெருப்பு அடங்கிக் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று முந்தானையை உதறிவிட்டுப் போய் வரிசையில் நின்றுகொண்டேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மூக்குக் கண்ணாடியும் குடையுமாக வந்தார். திருநெல்வேலிக்காரர் என்று சொன்னார்கள், ஆனால் பேச்செல்லாம் புத்தகத் தமிழ். "மிகவும் நன்று, மேலே சொல்லுங்கள்" என்பார். கூடவே பெரிய டீச்சர், ராஜம் டீச்சர், பள்ளிக் கமிட்டியில் இருந்த மீரான் பாய். பாய்க்குப் பஜாரில் மிளகாய் மண்டி. சுற்று வட்டாரத்து வத்தல் எல்லாம் அவர் மூக்குக்குக் கீழேதான் இறங்கும்.

பிள்ளைகள் கணீர் என்று ஆரம்பித்தார்கள். கடற்கரை ஆயிற்று, குகை ஆயிற்று. வெந்நீர் ஊற்றைப் பார்த்து இன்ஸ்பெக்ட்ரஸ் தலையை ஆட்டினார். "இந்தப் பெரணிக் காடு நான் கேள்விப்படாதது" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முருங்கைக் கொத்துகளைக் குனிந்து பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலை நிரந்தரம், பசுவந்தனை தூரம் என்று மனசுக்குள் தாளம் போட்டுக்கொண்டு, "இப்பொழுது எரிமலை விழித்தெழுகிறது!" என்று அறிவித்துத் தகரத்தை இழுத்தேன்.

முதலில் சத்தம் வந்தது. தீயில் விழுந்த கல் உப்பு படபடவென்று வெடித்தது. நான் திட்டமிடாத சிறப்பு அது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் உச்சியிலிருந்து புகை எழுந்தது. வெள்ளையாக இல்லை, பழுப்பாக, கனமாக எழுந்து, மேலே போக மனசில்லாமல் எங்கள் பக்கம் திரும்பிப் படிந்தது.

பெரிய டீச்சர்தான் முதலில் தும்மினார். அடுத்தது ராஜம் டீச்சர். பிறகு யார் முதல், யார் அடுத்து என்று எண்ண முடியவில்லை. பின்னால் நின்ற எட்டாம் வகுப்பு முழுவதும் ஒரே இருமலாக இருமிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடியது. என் தொண்டையில் யாரோ அரத்தால் ராவுவது மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த அமளிக்கு நடுவில், தெற்கு ஓரத்திலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"இதுவே அமைதிப் பள்ளத்தாக்கு. ஹச்! இங்கே காற்று மிகத் தூய்மையானது. ஹச்! நோயாளிகள் உடல் தேற... ஹச்... இங்கே வந்து தங்குகிறார்கள்!"

செண்பகம் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். (இன்றைக்கும் அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.)

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தடுமாறினார். கால் கடலில் மாட்டி, நீலப் பாதத்தோடு வெளியே வந்தார். மூன்று தும்மலில் அவருடைய புத்தகத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

"ஏட்டி! என்னத்தட்டி உள்ள போட்டே?"

எனக்கு அந்த நேரத்திலும் புத்தி வேலை செய்தது. "கந்தகம், அம்மா. எரிமலையிலே கந்தகப் புகை வருமில்லையா, அதான்..." என்றேன். தீப்பெட்டி செய்கிற ஊரில் கந்தகத்துக்கா பஞ்சம்? அவரும் நம்பியிருப்பார். பெரிய டீச்சர் நம்பியே விட்டார். ஆனால் எங்களில் ஒரே ஒருவர் மட்டும் தும்மவில்லை, இருமவில்லை, ஓர் அடிகூட நகரவில்லை. முப்பது வருஷம் மிளகாய் மண்டியில் உட்கார்ந்தவருக்கு இந்தப் புகை எம்மாத்திரம்? மீரான் பாய் எரிமலைக்குப் பக்கத்தில் போய், கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்தார்.

"கந்தகம் இல்லம்மா. இது சம்பா வத்தல். புதுச் சரக்கு, காம்பு கிள்ளல" என்றார். இன்னொரு தடவை இழுத்துவிட்டு என் பக்கம் சந்தோஷமாகத் திரும்பினார். "டீச்சரம்மா, இது ஒங்க அய்யா போன வாரம் நம்ம மண்டில எறக்குன சரக்குல்லா? கொஞ்சம் ஈரப்பதம் இருக்குன்னு அப்பமே சொன்னேன், கேட்டாவளா?"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். அவ்வளவு வெடிப்பு விட்ட கரிசல், அன்றைக்கு ஒரு விரற்கடை கூட விடவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எல்லோருமே அழுதுகொண்டிருந்ததால் என் அழுகைக்கு எந்த மதிப்பும் கிடைக்கவில்லை. மலை வெடித்தது, கண் பட்டது என்று நினைத்தது, மூன்று சுற்று ஓடியது, அரைப்படி போட்டது. ராஜம் டீச்சர் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டேன். ஆனால் என் கண் அவர் பக்கம் போனதை இன்ஸ்பெக்ட்ரஸ் பார்த்துவிட்டார்.

அவர் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சுத்திப் போட்டியே, கமறிச்சா?"

"கமறிச்சும்மா."

"நல்லாக் கமறிச்சா?"

"நல்லாக் கமறிச்சும்மா."

"அப்பம் என்ன அர்த்தம்?"

அவரே சொன்னார்: "ஒரு கண்ணும் படலைன்னு அர்த்தம். அரைப்படி போட்டும் கமறுதுன்னா, ஒன் தீவப் பாத்து இந்த ஊர்ல ஒருத்தரும் பொறாமைப்படல."

"நான்தான் நேத்தே நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேனே, சுமார்னு அர்த்தம்" என்றார் ராஜம் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த அளவுக்குச் சுட்டதில்லை. பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ், "வேலையை விட்டு எடுக்கச் சொல்லி எழுத மாட்டேன். நிரந்தரம் பண்ணச் சொல்லியும் எழுத மாட்டேன். இன்னும் ஆறு மாசம் போட்டும், மறுபடி வாரேன்" என்று சொல்லிவிட்டு, நீலக்காலோடு தவளை எலும்புக்கூட்டைப் பார்க்கப் போனார்.

ஆறு மாதம் என்றால் சித்திரை தாண்டிவிடும். அதாவது என் கதை முடிந்தது. அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியை இழுத்துப் புடவைகளை அடுக்கினேன். தேசப்படங்களைச் சுருட்டும்போது மட்டும் கை வரவில்லை. அப்படியே அதன் மேல் தலையை வைத்துக்கொண்டு, மிளகாய்க் கண்ணீர் எது, நிஜக் கண்ணீர் எது என்று தெரியாமல் ரொம்ப நேரம் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அய்யா வந்தார். நான் பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"அதை உள்ள கொண்டு வையி" என்றார்.

"ஏன்யா? வேலை நெலைக்கலையே."

"பசுவந்தனைக்காரவிய வேண்டாம்னுட்டாவ."

விஷயம் இதுதான். மீரான் பாய் மண்டியில் வத்தல் போட வந்த ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை ஒரு டீயோடு கிடைத்திருக்கிறது. மூட்டை உள்ளே வர, கதை வெளியே போக, மூன்றே நாளில் விளாத்திகுளம், கயத்தாறு, பசுவந்தனை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் அய்யாவிடம் நேரிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்: "காலைல எந்திரிச்சு ஒரு படி வத்தலைத் தீயில போடுத பிள்ளை எங்களுக்குத் தாங்காது அண்ணாச்சி."

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டேன்.

"ஒரு படி இல்ல, அரைப்படிதான்னு சொன்னேன். அவிய கேக்கல" என்றார் அய்யா, நிஜமான வருத்தத்தோடு. "இப்பம் ஒன்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போனா எவன் கட்டுவான்? இங்கனயே கெட. பாடத்தையாவது ஒழுங்கா நடத்து." எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "காம்பு கிள்ளாமலா போடுவா ஒருத்தி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பஸ் ஏறிப் போகும்வரை அடக்கிவைத்திருந்து, தனியாகச் சிரித்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் மறுபடி வந்தபோது நான் மழைமானியைப் பற்றி நடத்தினேன். நெருப்பு சம்பந்தமில்லாத பாடமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். வேலை நிரந்தரமாயிற்று. முப்பத்தைந்து வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

கல்யாணமும் ஆயிற்று. அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் தந்தி கொடுக்க வருகிற சாக்கில், "அரைப்படி டீச்சர் யாரு?" என்று விசாரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வந்த நாளிலிருந்து இன்றுவரை அவருக்குப் படிக்கணக்குத்தான். எங்கள் வீட்டில் அழகு, சமையல், பரீட்சை மார்க் எல்லாவற்றுக்கும், கண் கழிக்க எவ்வளவு வத்தல் வேண்டும் என்பதுதான் அளவு. மகள் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், "இது ரெண்டு படிக்குப் பெறும்" என்பார். மகன் வாங்கிய பழைய காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மிளகாய் போதும்" என்பார். நான் வைக்கிற மீன் குழம்புக்கு, நல்ல நாளாயிருந்தால், கால்படி.

பத்திரிகைக்கு அனுப்ப இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அவரிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை படித்தார். சிரித்தாரா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினார்.

"பயப்படாம அனுப்பு," என்றார். "ஒரு மிளகாய்கூட வேண்டாம்."